கொட்டியாரக் குடாவும் கடல் வணிக உடன்படிக்கைகளும்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கடலைப் பார்த்தபடியே அதை எழுதியிருக்கிறார்கள். எத்தனை பெரிய கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாமல் வந்து தங்கக்கூடிய ஆழ்துறைமுகம், கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுவாமி மலை, அம்மலைமீதிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்து அக்கற்களைக் கொண்டே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1624 இல் எழுப்பிய கோட்டை, 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடித்து அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிரெஞ்சுக் கடற்றளபதி சுஃப்ரானிடம் பறிகொடுத்த கதை, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகள் என்று நூல்களின் பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. துறைமுகத்துக்குத் தெற்கே மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் வந்து கலக்குமிடத்து வண்டல் நிலமும், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்வெளியும், வடக்கே நிலாவெளி, குச்சவெளி மணற்பாங்கில் கிணற்று நீரால் விளையும் வெங்காயத் தோட்டங்களும் அந்நூல்களில் அடிக்குறிப்பளவு இடமே பெறுகின்றன. ஆயினும் அக்கடல் வழியே வந்தவர்கள் கரையிறங்கியபோதெல்லாம் முதலில் கேட்டது பீரங்கி நிறுத்த ஓர் இடம். அடுத்துக் கேட்டது உள்நாட்டு விளைபொருளைத் தாம் மட்டும் வாங்கும் உரிமை. அந்த இரண்டாவது வேண்டுகோளுக்கு அரசர்களும் அமைச்சர்களும் கையொப்பமிட்டுக் கொடுத்த விடைகளையே வர்த்தக உடன்படிக்கைகள் என்கிறோம். அவை நாட்டின் விளைச்சலையும் விளைவித்தவனையும் என்ன செய்தன என்பதே இங்கு விசாரணைக்குரியது.

ஐரோப்பியர் வருமுன் இப்பிரதேசத்தின் வேளாண்மை கோயிலைச் சுற்றியே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. குளக்கோட்டன் என்னும் மன்னன் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, அந்நீரால் விளையும் நெல்லைக் கோணேசருக்கு ஆக்கி, தொழும்புக்கு வேண்டிய குடிகளையும் வன்னிபங்களையும் நியமித்தான் என்பது கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் வழி வரும் ஐதிகம். ஐதிகத்தில் எவ்வளவு உண்மை என்று ஆராய்வது வேறு வேலை. நெல்லின் முதற்பங்கு யாருக்கு என்பதில் ஊரவருக்கு ஐயமில்லாதிருந்தது என்பதற்கு மட்டும் அது போதிய சாட்சி. கொட்டியாரமோ மேலும் ஒரு தொழிலைச் செய்தது. கண்டி மலைநாட்டுக்குக் கிழக்குக் கடலில் அமைந்த வாயில் அதுவே. மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் தானாக உதிர்ந்து விழும் பாக்கு, தவளமாகச் செல்லும் பொதிமாடுகளின் முதுகில் காடு கடந்து இக்கரைக்கு வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து தோணிகளில் வந்த செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் துணியும் அரிசியும் கொடுத்து அதை ஏற்றிச் சென்றனர். ஏறத்தாழ 24,000 பாக்கு கொண்டது ஓர் அமுணம் என்று எண்ணி விற்ற காலம் அது. வெற்றிலை போடாத விருந்தில்லை என்றிருந்த தென்னிந்தியாவில் அந்தப் பாக்குக்குக் கிராக்கி குறைந்ததேயில்லை. கறுவாவை நாடி வந்த ஐரோப்பியர், பாக்கின் அருமையைப் பின்னரே கண்டுகொண்டனர்.

திருகோணமலைத் துறைமுகத்தை மையமாகக் கொண்டு ஐரோப்பியரோடு எழுதப்பட்ட ஆரம்பகால உடன்படிக்கைகளில் ஒன்று டென்மார்க் தேசத்தாருடையது. கண்டியரசன் செனரத்தின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பா சென்ற பொஸ்ஹௌவர் என்னும் ஒல்லாந்தன், தன் நாட்டாரோடு மனம் முறிந்து கோபன்ஹேகனில் டேனிய அரசன் நான்காம் கிறிஸ்தியானோடு 1618 இல் ஓர் ஒப்பந்தம் எழுதிவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே மாண்டுபோனான். ஓவே யேட என்னும் இளம் பிரபுவின் தலைமையில் 1620 இல் இலங்கைக் கரையை அடைந்த டேனியக் கப்பல்களின் முன்னிலையில், அப்படியோர் ஒப்பந்தத்துக்குத் தான் அதிகாரம் கொடுக்கவேயில்லை என்று செனரத் மறுத்துவிட்டான். சில மாதப் பேச்சுக்குப் பின் வேறோர் உடன்படிக்கை எழுதப்பட்டுத் திருகோணமலை டேனியருக்கு வழங்கப்பட்டது; அவர்கள் கோட்டை கட்டத் தொடங்கினர்; காசும் ஆளும் போதாமல் கைவிட்டனர். அதே ஆண்டு நவம்பரில் அதே யேட, தஞ்சை நாயக்கர் ரகுநாதரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடியில் டேனியக் கொடி ஏறியது. 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கே பறந்தது. ஒரே மனிதன் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு பத்திரங்களுள் ஒன்று இருநூறு ஆண்டைத் தாண்டியது, மற்றொன்று இரண்டு ஆண்டைக்கூடக் காணவில்லை. தரங்கம்பாடியில் நெசவும் நெல்லும் வணிகரும் பத்திரத்துக்கு முன்பே திரண்டிருந்தன. திருகோணமலையில் டேனியருக்குக் கிடைத்தது துறைமுகம் மட்டுமே, அதன் பின்னிருந்த பாக்கும் நெல்லும் வேறு கைகளுக்குப் பழகியிருந்தன என்பதுதான் இந்த வேறுபாட்டுக்கு எனக்குத் தோன்றும் காரணம்.

அடுத்த பத்திரம் இவ்வளவு எளிதில் மறையவில்லை. போர்த்துக்கேயரை ஓட்டும் பொருட்டு இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தக் கடற்றளபதி வெஸ்தர்வோல்டோடு 1638 மே 23 இல் மட்டக்களப்பில் செய்துகொண்ட உடன்படிக்கை, யுத்தச் செலவைக் கறுவா, மிளகு, மெழுகு முதலிய விளைபொருள்களாலேயே தீர்ப்பதென்றும், யானை நீங்கலாக இராச்சியத்தின் ஏற்றுமதிச் சரக்கு முழுவதையும் ஒல்லாந்தக் கம்பெனி ஒன்றே வாங்குவதென்றும் விதித்தது. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்தலாம் என்ற ஷரத்தில், ‘அரசர் விரும்பினால்’ என்னும் பொருளுடைய சொற்கள் அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தன. கம்பெனியின் ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. இச்சூழ்ச்சியைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியாயிற்று. எனக்கோ அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, எவரும் சூழ்ச்சியென்று சொல்லாத மற்றைய ஷரத்து. கோட்டை போனால் அரசனுக்கு நட்டம். ஒரே கொள்வோன் என்ற விதி வந்தால், பாக்கு மரம் வைத்திருக்கும் ஒவ்வொரு குடிக்கும் நட்டம். அரசன் முதலாவதற்காகப் பல்லாண்டு போராடினான். இரண்டாவதை அவனே மனமுவந்து எழுதிக்கொடுத்தான்.

1639 இல் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, பின்னர் அரசன் வசம் கொடுத்தனர். அவர்கள் திரும்ப வருவதற்கிடையில் கொட்டியாரத்துக்குச் சிறிது மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், 1659 இன் இறுதியில் பழுதுபார்க்கவும் வியாபாரம் செய்யவும் நாடி வந்தது இந்தக் குடாவையே. அதன் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் சிறைப்பட்டுக் கண்டிக்குக் கொண்டு செல்லப்பட்டதும், மகன் 1679 இல் தப்பிச் சென்று இரண்டாண்டின் பின் இலண்டனில் தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் பலரும் அறிந்ததே. மூதூரில் நொக்ஸ் பெயரால் ஒரு புளியமரத்தைக் காட்டுவதும் உண்டு. கொட்டியாரத்தில் சந்தை இருந்தது என்பதும், தன் துணியை வாங்க அங்கே ஆள் இருக்கலாமென்று அந்நியக் கப்பலொன்று எண்ணியது என்பதுமே நமக்கு இதில் வேண்டிய செய்தி.

1660களில் ஒல்லாந்தர் திருகோணமலைக்கும் கொட்டியாரத்துக்கும் மீண்டும் வந்தனர். ரைக்ளொவ் வான் கூன்ஸின் ஆட்சியில் பாக்கு, துணி முதலியவற்றின் வியாபாரம் கம்பெனியின் தனியுரிமையாயிற்று. தோணி ஓட்டுவோன் அனுமதிச் சீட்டில்லாமல் எந்தத் துறையிலும் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாதென்றாயிற்று. இதன் விளைவைப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம் ஒல்லாந்த ஆவணங்களைக் கொண்டே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பாக்கு வாங்க வந்த தோணியே அரிசியும் கொண்டுவந்தது. பாக்குக்குத் தடை வந்ததும் தோணி வரவில்லை, தோணி வராததால் அரிசியும் வரவில்லை. கம்பெனியின் இலாபக் கணக்கில் பாக்கின் வரவு ஏறியது. கரையோரக் குடிகளின் வயிற்றுக் கணக்கு வேறு விதமாக இருந்தது. ஒரு சரக்கைத் தனியே பிடித்து அதற்கு மட்டும் விதி எழுதுகிறவன், அதனோடு பின்னிக் கிடக்கும் மற்றைய சரக்குகளையும் சேர்த்தே கட்டிவிடுகிறான் என்பதை அன்றைய அதிகாரிகள் சிலர் உணர்ந்து மேலிடத்துக்கு எழுதவும் செய்தனர். கம்பெனிக்குள்ளேயே திறந்த வியாபாரம் வேண்டுமென்போரும் தனியுரிமையே வேண்டுமென்போரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். இக்காலத்துப் பொருளாதார மாநாடுகளில் கேட்கும் வாதங்களின் முன்னோர்கள் அவை.

அவ்வாதத்தில் திறந்த வியாபாரக் கட்சி ஒருமுறை வென்றது. இரண்டாம் இராஜசிங்கன் இறந்தபின் வந்த இரண்டாம் விமலதர்மசூரியன் போரைவிடச் சமாதானத்தை விரும்பியவன். தன் பிரஜைகள் தம் விருப்பம்போல வியாபாரம் செய்யத் துறைகளைத் திறந்துவிட வேண்டுமென்று விடாது கேட்டு வந்தான். 1690களில் கம்பெனி இணங்கி, கிழக்கே கொட்டியாரத்தையும் மேற்கே புத்தளத்தையும் கண்டியாரின் வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது. விளைவு உடனே தெரிந்தது. கொழும்பையும் காலியையும் நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலைநாட்டுப் பாக்கு திசை மாறி இவ்விரண்டு துறைகளுக்கும் பாய்ந்தது. தென்னிந்திய வணிகர் கூடி வந்து விலை கேட்டனர். கம்பெனியின் விலைக்கு மேல் கொடுத்தனர். ஒரு சரக்கைப் பலர் விரும்பி வாங்கும்போது விளைவிப்பவன் பெறும் விலை எது, ஒருவனுக்கே கட்டுப்பட்டு விற்கும்போது பெறும் விலை எது என்பதற்கு, கொட்டியாரக் கரையில் நடந்த இந்தச் சில ஆண்டுப் பரீட்சையைவிடத் தெளிவான சான்று நம் நாட்டுச் சரித்திரத்தில் அதிகமில்லை. பரீட்சை நன்றாய் முடிந்தது என்பதே அதன் குற்றமாயிற்று. வருமானம் குறைவதைக் கண்ட கம்பெனி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைகளை மறுபடி அடைத்துவிட்டது. கண்டியும் பதிலுக்கு மலைநாட்டுக் கடவைகளை அடைத்து, பாக்கு கீழே இறங்காமல் தடுத்தது. இரண்டு பக்கத்தாரும் கோபத்தைத் தீர்த்துக்கொண்டது ஒரே மரத்தின்மீது. அந்த மரத்தை வைத்திருந்தவனை இருவரில் எவரும் கேட்கவில்லை.

1766 பெப்ரவரியில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், தலைநகரே ஒல்லாந்தர் கையில் சிக்கியிருந்த யுத்தத்துக்குப் பின், கரையோரம் முழுவதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டான். அதன்பின் கண்டியரசுக்குச் சொந்தமாய் ஒரு துறையும் இல்லை. இருபது ஆண்டு கழித்து, 1786 இல், திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் பற்று ஆகிய இடங்களைக் கிராமம் கிராமமாகச் சுற்றி வந்து எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. வேளாண்மையைப் பெருக்க வழியுண்டா என்று பார்ப்பதே அவர் பயணத்தின் நோக்கம். பழுதுபட்ட குளங்களையும், குடி குறைந்த ஊர்களையும், கந்தளாய் அணையின் பிரம்மாண்டத்தையும் அவர் குறிக்கிறார். கோட்டையிலிருந்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் துறையை ஆண்டபின், அதன் பின்னிருந்த நிலத்தை முறையாகப் பார்க்கப் புறப்பட்டது அப்போதுதான். பத்தாண்டுக்குள் ஆங்கிலேயர் வந்துவிட்டனர்.

ஆங்கிலேயர் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அவர்களுக்குத் திருகோணமலை கடற்படைத் துறையே. முதிரையும் கருங்காலியும் கொஞ்சம் கப்பலேறியதைத் தவிர, இதை வர்த்தகத் துறைமுகமாக வளர்க்க அவர்கள் முயலவில்லை. தோட்டங்களின் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்பு வழியே சென்றன. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தோட்டத் தொழிலாளருக்கான அரிசியும் கொழும்பு வழியே வந்தது. கந்தளாய்க் குளம் 1870களில் திருத்தப்பட்டது. புகைவண்டி 1927 இல்தான் வந்தது. ஒரு செய்தி மட்டும் நின்று கவனிக்கத்தக்கது. தடையற்ற வாணிபத்தை மதமாகவே கொண்டிருந்த இலண்டன் கொப்டன் கழகத்தார், இலங்கையில் நெல்லின்மீது அறவிடப்பட்ட வரியை உணவின்மீது விழும் வரியென்று கண்டித்துக் கிளர்ச்சி செய்தனர். நெல்வரி கட்ட முடியாத கமக்காரரின் வயல்கள் ஏலத்தில் போனதையும், அதனால் நேர்ந்த பட்டினியையும் அவர்கள் எடுத்துக்காட்டியது நியாயமே. ஹவ்லொக் தேசாதிபதியின் காலத்தில் 1892 இல் அவ்வரி நீங்கியது. ஆனால் இறக்குமதி அரிசியின் தீர்வை நீங்காமல் நின்றது. இவ்விதம் கோட்பாட்டாளர் கேட்டதில் பாதி மட்டும் கிடைத்தமையால், உள்ளூர் நெல்லுக்கு யாரும் திட்டமிடாத ஒரு சிறு வேலி தானாக அமைந்தது. கமக்காரன் கொஞ்சம் பிழைத்ததற்கு அக்கோட்பாட்டின் வெற்றியைவிட அதன் அரைகுறைத் தோல்வியே காரணம் என்று நான் கருதுகிறேன்.

சுதந்திரத்தின் பின் எழுதப்பட்டவற்றுள் மிகப் புகழ்பெற்றது சீனாவோடு செய்த இறப்பர் அரிசி ஒப்பந்தம். கொரிய யுத்தத்தால் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பதரிதாகி விலையேறியது. இறப்பர் விலையோ சரிந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்கக்கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்திருந்தபோதும், அச்சபையில் இலங்கை அப்போது அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று பேசியதன் முடிவாக, 1952 ஒக்டோபரில் 80,000 தொன் அரிசிக்கு ஒரு கொள்வனவும், டிசம்பர் 18 இல் ஐந்தாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்குவது அதன் சாரம். சந்தை விலைக்கு மேல் இறப்பருக்குச் சீனா விலை கொடுத்தது. அமெரிக்கா உதவியை மறுத்தும் அஞ்சாது நின்ற இச்செயலை அரசியல் துணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். களுத்துறை, கேகாலைப் பகுதிச் சிறு தோட்டக்காரன் இதனால் வாழ்ந்தான் என்பதில் ஐயமில்லை.

கொட்டியாரத்து நெற்கமக்காரனுக்கு இது என்ன செய்தது? ஆண்டுதோறும் இவ்வளவு அந்நிய அரிசி நிச்சயமாக வந்திறங்கி, கூப்பன் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது, அவன் நெல் விலைபோகாமல் கிடந்திருக்க வேண்டுமென்று எண்ணத் தோன்றும். அப்படி நிகழவில்லை. 1948 இல் தொடங்கியிருந்த உத்தரவாத விலைத் திட்டத்தின்படி 1952 முதல் புசல் நெல்லுக்கு 12 ரூபா கொடுத்து அரசாங்கமே வாங்கியது. உண்பவன் கொடுக்கும் விலைக்கும் விளைவிப்பவன் பெறும் விலைக்கும் இடையில் திறைசேரி வந்து நின்றது. அல்லைத் திட்டத்தில் வெருகல் நீர் பாய்ந்து புதுவயல்கள் திருந்தியதும், கந்தளாய்க் குடியேற்றம் பெருகியதும் இந்த விலையின் நிழலிலேதான். (அக்குடியேற்றங்கள் இம்மாவட்டத்து இனங்களுக்கிடையே உண்டாக்கிய கசப்பு தனிக்கட்டுரைக்குரியது, இங்கே அதைத் தொட்டுச் செல்வது தகாது.) திறைசேரி தாங்கும்வரைதான் அந்நிழல். 1953 இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்த முயன்றபோது ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்து, பிரதம மந்திரி டட்லி சேனநாயக்காவே பதவி துறக்க நேர்ந்தது. ஓர் உடன்படிக்கையின் நன்மை தீமை அதன் ஷரத்துகளில் மட்டும் இல்லை. அதைச் சுற்றி உள்நாட்டில் என்ன ஏற்பாடு செய்கிறோம் என்பதிலும் இருக்கிறது. இதைச் சீன ஒப்பந்தம் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டவில்லை.

1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியால் உடன்படிக்கைகளுக்கு நேர்மாறான வழியில் சென்றது. செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அந்நாட்களில் கல்வீடு கட்டியதும் உழவு இயந்திரம் வாங்கியதும் இன்றும் பேசப்படும் கதை. நிலாவெளி, குச்சவெளிக் கமக்காரருக்கும் அந்தக் காலத்தின் பங்கு கிடைத்தது. ஆனால் அதே அரசாங்கத்தின் ஆட்சியில் மூதூரிலும் தம்பலகாமத்திலும் நெல் விளைவித்தவன் வேறோர் உலகத்தில் வாழ்ந்தான். 1971 இல் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபைக்கன்றி அவன் வேறெவருக்கும் விற்கலாகாது. தெருவில் தடி போட்டு மறித்து, அனுமதித்த அளவுக்கு மேல் அரிசி கொண்டு போகிறார்களா என்று பேருந்துகளைச் சோதித்தார்கள். வடக்கே மணல் நிலத்தில் ஒருவனுக்கு வேலி காவலாயிற்று. தெற்கே சேற்று நிலத்தில் மற்றவனுக்கு வேலியே சிறையாயிற்று. இருவரும் ஒரே கச்சேரியின் ஆளுகைக்குட்பட்டவர்கள். வான் கூன்ஸின் அனுமதிச் சீட்டை அந்தத் தெருத்தடியில் மறுபடி காண்பது மிகையன்று.

1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு கதவுகள் திறந்தன. நெற்காரன் தடியிலிருந்து விடுதலை பெற்றான். வெங்காயக்காரன் பம்பாய் வெங்காயத்தோடு மோத விடப்பட்டான். மூன்றாவதாக ஒன்றும் நிகழ்ந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பிரீமா நிறுவனத்தின் மாபெரும் கோதுமை ஆலை 1980 இல் திருகோணமலைச் சீனக்குடாவில் இயங்கத் தொடங்கியது. ஆழ்துறைமுகம் கடைசியில் ஓர் உணவுப் பொருளின் வர்த்தகத்துக்குப் பயன்பட்டது. அந்த உணவு இந்நாட்டின் எந்த வயலிலும் விளையாதது. கந்தளாய் நெல் வடித்த சோற்றுக்கு, காலை வேளையில் பாண் என்னும் போட்டியாளன் திருகோணமலைத் துறையிலிருந்தே புறப்பட்டான். ஆலை நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தந்தது. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் துறைமுகமும் வயலும் ஒன்றையொன்று பாராமல் வாழும் பழைய வழக்கத்துக்கு அது இன்னொரு நூற்றாண்டுக்கான அத்தாட்சி.

‘சுதந்திர வர்த்தக உடன்படிக்கை’ என்ற பெயரோடு இலங்கை முதன்முதலாகச் செய்துகொண்டது இந்தியாவோடு. சந்திரிகா குமாரதுங்காவும் வாஜ்பாயியும் 1998 டிசம்பர் 28 இல் புதுடில்லியில் ஒப்பமிட்ட அது 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் சுதந்திரம், உள்ளே பட்டியல்கள். சலுகை கிடையாதென்று இந்தியா ஒதுக்கியவை 429, இலங்கை ஒதுக்கியவை 1,180. விவசாயப் பொருள்களில் மிகப் பெரும்பகுதியை இலங்கை தன் விலக்குப் பட்டியலில் வைத்துக்கொண்டது. சிறிய நாடு தன் கமக்காரருக்குக் கொஞ்சம் காவல் தேடிக்கொண்டதில் தவறேதுமில்லை. இந்தியா தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்று அளவு வைத்தது. அதுவும் கொச்சி, கல்கத்தா என்னும் இரண்டு துறைகள் வழியேதான் இறங்கலாமென்றது. இரண்டும் இந்தியத் தேயிலையின் ஏல நகரங்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எந்தச் சரக்கு எந்தத் துறையில் இறங்கலாம் என்று விதித்த ஒல்லாந்தரின் பழக்கத்தை நினைவூட்டும் இந்த விதி பின்னாளில் தளர்த்தப்பட்டது மெய்யே. ஆயினும் அந்த அளவில் மிகச் சிறு பகுதியே எக்காலமும் நிரம்பியது.

நிரம்பி வழிந்தது வேறொன்று. பாமாயிலை மலேசியா முதலிய இடங்களிலிருந்து வரவழைத்து, இங்கே வனஸ்பதியாக்கி, தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் முளைத்தன. ஏற்றுமதிக் கணக்கில் அது விவசாயத்தைச் சார்ந்த பொருள். அதை விளைவித்த கமக்காரன் ஒருவனும் இந்நாட்டில் இல்லை. இந்தியா அதற்கு ஆண்டுக்கு 250,000 தொன் என்று எல்லை கட்டியது. அவ்வாலைகளின் காலம் விரைவில் முடிந்தது. மலைநாட்டு மிளகுக்கு 2,500 தொன் என்று அளவு. 2017 இல் பிற நாட்டு மிளகும் பாக்கும் கொழும்பில் இறங்கி, இலங்கை விளைபொருள் என்னும் சான்றிதழோடு மறுபடி இந்தியாவுக்குக் கப்பலேறுகின்றன என்ற கூக்குரல் இரண்டு நாட்டிலும் எழுந்தது. குடகிலும் கேரளத்திலும் மிளகு பயிரிடுவோர் விலை வீழ்ச்சியென்று முறையிட்டனர். மாத்தளையில் மிளகு பயிரிடுவோரும் தம் பெயரைப் பிறர் திருடுகிறார்கள் என்று முறையிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. இருகரையிலும் மிளகு விளைவித்தவர்கள் ஒரே வியாதியால் வருந்தினர். வியாதிக்குக் காரணமானவர் எதையும் விளைவிக்கவில்லை. விமலதர்மசூரியன் காலத்துப் பாக்கு கொட்டியாரத்துக்கு வந்தபோது, அது எந்த மலையில் விளைந்தது என்பதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொதிமாடு வந்த வழியே சான்று.

பாகிஸ்தானோடு 2002 இல் எழுதி 2005 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இத்துறையில் ஓரளவு மனிதத் தன்மையுடையதென்று சொல்வேன். ஆண்டுக்கு 10,000 தொன் தேயிலைக்கும் குறிப்பிட்ட அளவு வெற்றிலைக்கும் பாகிஸ்தான் வழிவிட்டது. பதிலுக்கு இலங்கை 6,000 தொன் பாஸ்மதி அரிசிக்கும் 1,000 தொன் உருளைக்கிழங்குக்கும் தீர்வை விட்டது. யாருடைய பயிர் போகிறது, யாருடைய பயிர் வருகிறது என்று பெயர் சொல்லி எழுதப்பட்ட பத்திரம் அது. பாஸ்மதி நம் நாட்டுச் சோற்றோடு நேரே மோதுவதில்லை, அளவும் சிறியது.

இவையெல்லாம் கையெழுத்தான ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டம் எந்த நிலையில் இருந்தது என்பதை மறந்து இச்சரித்திரத்தைப் படிக்கலாகாது. உள்நாட்டு யுத்தம் நடந்த அந்நாட்களில் யூரியா பசளை வெடிபொருளாகக் கூடுமென்று கட்டுப்பாட்டுக்குட்பட்டிருந்தது. வயலுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. மூதூருக்கும் வெருகலுக்கும் அப்பால் யுத்த எல்லை. புதுடில்லியில் தேயிலைக்கு அளவு வைத்துக்கொண்டிருந்த நாட்களில் கொட்டியாரம் பற்றில் அறுவடை செய்தவனுக்கு நெல்லைத் தெருவுக்குக் கொண்டுவருவதே அந்நிய வர்த்தகம்போல் கடினமாயிருந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டு நீர் நின்றதிலிருந்து கிழக்கின் இறுதி யுத்தம் மூண்டது; சம்பூரிலும் மூதூரிலும் ஊர்கள் இடம்பெயர்ந்தன; சம்பூர்க் கமக்காரரின் நிலம் நீண்ட காலம் அவர்கள் கைக்கு வரவில்லை. நிலமே இல்லாதவனுக்கு எந்தப் பட்டியலில் எந்தப் பயிர் இருந்தால் என்ன?

அமைதி வந்தபின் உடன்படிக்கைகள் தொடர்ந்தன. 2018 ஜனவரியில் சிங்கப்பூர், 2024 பெப்ரவரி 3 இல் தாய்லாந்து. தாய்லாந்தோ உலகத்துக்கு அரிசி விற்கும் நாடு. இதனிடையே நிலாவெளி வெங்காயத்தின் விலையைத் தீர்மானிப்பது இவற்றுள் எதுவுமன்று; 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வர்த்தமானியில் வெளியாகும் அறிவித்தலே அதைத் தீர்மானிக்கிறது. வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய், பருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு இவ்வளவு ரூபா என்று அதில் வரும். நுகர்வோர் விலையேற்றத்தால் முணுமுணுத்தால் குறையும், அறுவடைக் காலத்தில் கமக்காரர் கூக்குரலிட்டால் ஏறும், சிலவேளை அறுவடை முடிந்தபின் ஏறும். உடன்படிக்கையாவது பல்லாண்டு நிற்கும், அதை நம்பி ஒருவன் கிணறு வெட்டலாம். வர்த்தமானியை நம்பி ஒரு போகத்துக்குக்கூட விதை வெங்காயம் வாங்க முடியாது. கமக்காரரோடு பேசினால் அவர்கள் வரி வேண்டுமென்றோ வேண்டாமென்றோ அதிகம் வாதிடுவதில்லை. நடும் நாளில் இருந்த விதி கிண்டும் நாளிலும் இருக்க வேண்டுமென்றே கேட்கிறார்கள். கோட்பாட்டாளர் இருதரப்பும் எழுதிய நூல்களில் இந்தக் கோரிக்கைக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

துறைமுகமோ தன் பழைய போக்கிலேயே இருக்கிறது. கோதுமையும், சீமெந்துக்கான கிளிங்கரும், எண்ணெயும் அங்கே இறங்குகின்றன. 1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய வாக்கு இருந்தது. 2022 ஜனவரியில் 14 தாங்கி இன்னாருக்கு, 24 இன்னாருக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று தனித்தனியே எண்ணிப் பங்கிட்டு முடித்தார்கள். பெரும்போக நெல் அறுவடையாகும் மாசி, பங்குனியில் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் நெல் மூடைகள் லொறியேறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகின்றன. நிலாவெளி வெங்காயம் 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிறது. துறைமுகத்தைக் கடந்தே அந்த வெங்காய லொறிகள் மேற்கே திரும்புகின்றன.